குதிரை லாயமும் ஒரு வீட்டு வண்டியும்

செஞ்சிக்கு நீங்கள் இன்னும் போகவில்லை என்றால், அடுத்த பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசியம் போய் வாருங்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் வழியிலேயே பார்த்துவிடலாம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக்கொண்டு மதில் ஓடுகிறது. பாறைகளை யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாற்போல இருக்கிறது! சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியர் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். முழங்கால் வலிக்காரர்கள் ஏற வேண்டாம். அடிவாரத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது. கூம்புக் கூரையோடு எழும்பும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம். அப்புறம், வளைவு வளைவாக வரிசையாக நிற்கும் குதிரை லாயம்.

செஞ்சி என்றாலே தேசிங்கு ராஜாவும் அவன் குதிரையும்தான். யாருக்கும் அடங்காத டில்லிக் குதிரையை அவன் அடக்கிய கதையைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து 1714-ல் போர்க்களத்தில் மாண்டபோது அவனுக்கு வாலிப வயது.

ஆனால் ஒன்று, உயர்ந்த ஜாதிக் குதிரை நம் பக்கத்தில் பிறந்ததில்லை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வர வேண்டும். முகம் தெரியாத வியாபாரி, தூர தேசம், பெரிய தொகை! 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய ராஜ்யத்துக்குப் பாரசீக வளைகுடாவின் கீஸ் தீவிலிருந்து வருஷத்துக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் ராஜா பணம் கொடுத்தாக வேண்டும்! வாஸாஃப் என்ற பாரசீகச் சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். விஜயநகரத்து சாளுவ நரசிம்மர் காலத்தைப் பற்றிப் போர்த்துக்கீசியக் குதிரை வியாபாரி நூனிஸ் சொல்வது இன்னும் வேடிக்கை. கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் கிடைத்துவிடும்!

ராஜாவுக்குக் கஜானா இருந்தது. நமக்கு?

இதை நினைத்துக்கொண்டே கீழே வந்தால், புளிய மரத்து நிழலில் ஒரு வண்டி நின்றிருந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, கேரவன், அதன் தங்கச்சி மாதிரி. உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, ஒரு தொட்டில். வண்டிக்காரரின் மனைவி, கைக்குழந்தையோடு, இட்லிக்குச் சட்னி தாளித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"செகண்ட் ஹேண்ட்தாங்க அக்கா. முதல்ல மகாராஷ்டிராவில ஒரு வண்டி. போன்ல போட்டோ பார்த்துட்டு, உடனே அட்வான்ஸ் அனுப்பலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்னு இவரு துடிச்சாரு. என் ரெண்டு வளையலை வித்த பணங்க்கா அது. பார்க்காம ஒரு ரூபாய்கூட போகாதுன்னு சொல்லிட்டேன்."

கணவரும் தெரிந்த மெக்கானிக்கும் ரயிலேறிப் போனார்களாம். போட்டோவில் பளபளவென்று இருந்த வண்டியின் தரை விரிப்பைத் தூக்கினால், கீழே துருப்பிடித்துக் கை நுழையும் ஓட்டை! வங்கிக் கடனும் தீரவில்லை. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"ரயில் செலவு வீணாப் போச்சேன்னு இவருக்கு ஆத்தாமை. போனா போகுது, வளையல் தப்பிச்சுதேன்னேன்!"

ஆறு மாதம் கழித்து, அதே மாதிரி நேரில் பார்த்து வாங்கியதுதான் இந்த வண்டி. வாலைப் பார்த்துப் பணம் கொடுக்க மறுத்த கெட்டிக்காரி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அந்த ஓட்டை சின்ன விஷயமில்லை, சகோதரிகளே. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்ஸைடு வாயு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் சோதனையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தைகள் தூங்கும் வண்டியில் இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது வேறென்ன?

உங்கள் வீட்டிலும் தூரத்து ஊரில் பழைய வேனோ கேரவனோ வாங்கும் பேச்சு எழுந்தால், இவற்றை மறக்காதீர்கள்.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அது தீர்ந்து, ஆர்.சி.யிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். வரி, அபராத பாக்கியையும் விசாரியுங்கள்.

சாதாரண வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்தியிருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

வேறு மாநில வண்டியானால், அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம் மாநில எண் வாங்க வேண்டும். இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் எழுதிக் கொடுங்கள்.

தரை விரிப்பைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். மழை ஒழுகிய கறை கூரையில் இருக்கிறதா? கேஸ் குழாய் புதிதா? ஜன்னல்கள் திறக்கின்றனவா? எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கதவை அடைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள்.

செஞ்சிக்கு எந்த வண்டியில் போனாலும் சரி, வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடுங்கள். பிற்பகல் ஆகிவிட்டால் மேலே விடமாட்டார்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்தபடி நடக்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். குதிரை லாயத்தின் முன் கொஞ்சம் நின்று, குழந்தைகளுக்கு அந்த வால் கதையைச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே ஒரு பாடம் படித்துவிடுவார்கள்.