பேரை ஊகிக்காதீங்க சார்

இரண்டு நாளாக இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு எண் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

எங்கள் முன்னாள் மாணவர் சங்கப் பதிவேடு முத்தியால்பேட்டையில் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. மொத்தம் 612 பேர். 1ஆம் எண், எங்கள் பள்ளியிலேயே படித்து அங்கேயே டிரில் மாஸ்டராக இருந்தவருடையது. அவர் இப்போது இல்லை. அவர் மனைவிக்குத் தீபாவளி உதவித்தொகை அந்த எண்ணில்தான் போகிறது.

நோட்டில் இருந்ததையெல்லாம் எக்செலில் அடித்து, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றினேன். 'எண்' என்ற பத்திக்கு 'சீரியல்' என்று வகை கொடுத்தால், அடுத்த எண்ணைக் கொடுக்க அதுவே ஒரு சீக்வென்ஸை உண்டாக்கிக்கொள்ளும். டோக்கன் மெஷின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயரும் அதுவே வைக்கும்: அட்டவணைப் பெயர், பத்திப் பெயர், கடைசியில் 'எஸ் இ க்யூ' என்ற மூன்று எழுத்து.

பழைய ஆட்களைப் பழைய எண்ணோடே ஏற்றியதால் மெஷினை யாரும் தொடவேயில்லை. புதிய உறுப்பினரைச் சேர்த்தால், 1 ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை. மறுபடி அழுத்தினேன், 2 இருக்கிறது என்றது. மூன்றாம் முறை 3. பதிவு தோற்றாலும் டோக்கன் செலவாகிவிடுகிறது! 613ஆவது அழுத்தில் சரியாகிவிடும் என்று கணக்கு வாத்தியார் புத்தி சொன்னது, விரல் ஒப்பவில்லை.

தெரிந்தவர் ஒருவர், "அந்தப் பிரைமரி கீயை எடுத்துவிடுங்கள், பிழையே வராது" என்றார். கை போய்விட்டது. எடுத்திருந்தால் ஒரே எண்ணில் இரண்டு பேர். தீபாவளிப் பணம் யாருக்குப் போயிருக்கும்?

சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். "சீக்வென்ஸை 612க்கு நகர்த்துங்க சார், போதும்." நகர்த்தப் போனால், நான் அடித்த பெயரில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. சிரித்தான். "பேரை ஊகிக்காதீங்க சார், டேட்டாபேஸையே கேளுங்க." பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் என்று ஒரு கட்டளை. அட்டவணையும் பத்தியும் சொன்னால் சீக்வென்ஸின் உண்மைப் பெயரைச் சொல்லும்.

வந்த பெயரைப் பார்த்து அசந்துபோனேன். நான் அட்டவணைக்கு ஆசையாகத் தமிழில் வைத்த பெயர் 'முன்னாள்_மாணவர்_பதிவேடு'. போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும்கூடத் தனித்தனியே மும்மூன்று பைட். என் பெயர் 65 பைட். கடைசி உகரத்தை வெட்டி 'பதிவேட' என்று நிறுத்தியிருக்கிறது. எச்சரிக்கை வந்திருக்கும், நான்தான் படிக்கவில்லை. சீக்வென்ஸில் பத்திப் பெயருக்கும் இடம் விட வேண்டுமே, அதனால் இன்னும் வெட்டி 'முன்னாள்_மாணவர்_ப_எண்' என்று ஆக்கி, பின்னால் அந்த மூன்று எழுத்தை ஒட்டியிருக்கிறது. இதை எந்த வாத்தியாரால் ஊகிக்க முடியும்?

செட்வேல் கட்டளையில், அந்தப் பெயரைக் கையால் அடிக்காமல், கேட்டு வாங்கும் கட்டளையையே உள்ளே வைத்தேன். இருக்கும் எண்களில் பெரியது எதுவோ அதற்கு நகர்த்தச் சொன்னேன். வேலை முடிந்தது.

பிறகு அட்டவணைப் பெயரை 'மாணவர்' என்று சுருக்கினேன். சீக்வென்ஸ் பழைய வெட்டுப் பெயரிலேயே நிற்கிறது. ஆனால் பிணைப்பு அறுவதில்லை, கேட்டால் சரியாகக் காட்டுகிறது. 2006இல் ஊர் புதுச்சேரி ஆன பிறகும், 1985இல் தொடங்கிய நம்ம யுனிவர்சிட்டி ஆங்கிலத்தில் இன்றும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதானே! அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

613 நேற்று மாலை சேர்ந்தது. ரசீது கொடுத்தாயிற்று.