ரோடு டெல்லிக்கு, குப்பை நமக்கு



சாதி பற்றிப் பேசும்போது கோயில், தேநீர்க் கடை, சுடுகாடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பேசுகிறோம். நெடுஞ்சாலைப் பராமரிப்பு நிதியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அது இன்ஜினியர்கள் விஷயம் என்று விட்டுவிட்டோம். அது நம் விஷயமும்தான் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கொச்சியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு தாண்டிப் போடிமெட்டில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் முந்தல், அதற்கடுத்துப் போடிநாயக்கனூர். பிறகு தேனி, மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டி வரை போகிறது. பெரியவர்களிடம் பழைய எண் 49 என்று சொன்னால்தான் விளங்கும். மலையில் விளைந்த ஏலக்காய் இந்த வழியாகத்தான் போடி ஏல மையத்துக்கு இறங்குகிறது. காய் எடுக்கப் போகும் பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இதே வழியாகத்தான் ஏறுகிறார்கள். அவர்களில் நம் தெருப் பெண்கள் நிறையப் பேர்.

இந்த ரோடு யாருடையது? 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது: தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றிய அரசுக்குச் சொந்தம், பராமரிப்பதும் அதன் பொறுப்பு. நிலம், பாலம், சிறுபாலம் எல்லாம் இதில் அடக்கம். ஒரு சங்கதியை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. சட்டம் வந்த புதிதில் நகராட்சிப் பகுதிக்குள் ஓடும் துண்டுகளை அதில் சேர்க்கவில்லை. 1977-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த விலக்கை எடுத்தார்கள். ஊருக்குள் வந்ததும் ரோடு யார் தலையில் விழும் என்ற கேள்வி அன்றைக்கே இருந்திருக்கிறது.

ரோடு மேலே போய்விட்டது. அழுக்கு கீழேயே தங்கிவிட்டது. தார் போடுவதற்கும் பாலம் கட்டுவதற்கும் மதிப்பீடு உண்டு, டெண்டர் உண்டு, திறப்பு விழாவும் உண்டு. தினமும் சேரும் மண், பிளாஸ்டிக், செத்த நாய், ரோட்டோர வாய்க்காலில் அடைக்கும் சகதி ஆகியவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் நகராட்சிக்கு உரிய வேலைகளாக இருக்கின்றன. அதனால் ஊருக்குள் கூட்டி அள்ளுவது நகராட்சி ஆட்கள். நகராட்சிக்கு வரும் பணமோ வீட்டு வரியும், மாநில நிதி ஆணையப் பங்கும், சில மானியங்களும்தான். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை எல்லா ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கைக் கணக்கிடும்போது, ஊரின் நடுவே ஒரு தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறதே என்று யாரும் பார்ப்பதில்லை.

மலையடிவார ஊர் ஒன்றில் நாங்கள் வேலை செய்தபோது, நெடுஞ்சாலையோர வாய்க்கால் அடைத்து மழைத்தண்ணீர் அருந்ததியர் காலனிக்குள் ஏறியது. ஓர் அலுவலகத்தில் "வாய்க்கால் எங்களுது இல்ல" என்றார்கள். இன்னொன்றில் "ரோடு எங்களுது இல்ல" என்றார்கள். இரண்டு கடிதங்களும் இன்னும் எங்கள் கோப்பில் இருக்கின்றன. கடைசியில் வாய்க்காலில் இறங்கியவர்கள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் நான்கு பேர். கையுறை கிடையாது, பூட்ஸ் கிடையாது. அந்த வாய்க்காலில் கக்கூஸ் குழாய்களும் விடப்பட்டிருந்தன. மலம் கலந்த திறந்த வாய்க்காலைக் கையால் சுத்தம் செய்ய வைப்பதும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவர்களில் மூத்த அம்மா சொன்னது இதுதான்: "ரோடு யாருதுன்னு எங்களுக்கென்ன தெரியும் தம்பி. அடைச்சா எங்களத்தான கூப்புடுறாக."

இரண்டு துறைகளும் ஒதுக்காத பணத்தை அந்த நான்கு பேரின் உடம்பு ஈடுகட்டியது. நிதிப் பற்றாக்குறை என்று ஏட்டில் எழுதப்படுவது தெருவில் இப்படித்தான் தீர்க்கப்படுகிறது. யாரைக் கூப்பிட்டால் மறுக்காமல் வருவார்கள் என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது.

பணம் இல்லை என்பதற்காக அரசு ரோட்டைக் கீழே தள்ளிவிடத் தயங்கியதா என்றால், அதுவும் இல்லை. நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே 2017-இல், நகர எல்லைக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக ஏற்றுத் தீர்மானம் போடச் சொல்லி இங்கே சுற்றறிக்கை போனது. கடைகளைக் காப்பாற்ற ரோட்டையும் அதன் செலவையும் நகராட்சிகளிடம் கொடுக்கப் பார்த்தார்கள். அப்போது நகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை, தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. தனித்தொகுதியில் வென்று வந்து "எங்க தெருவுக்கே ரோடு இல்ல, இதுக்கு ஏது பணம்?" என்று கேட்க ஓர் ஆள் கூட மன்றத்தில் இல்லை. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. பிறகு அதே ஆண்டிலேயே, நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் விளக்கம் தந்ததும் அவசரம் அடங்கிவிட்டது.

வேறு ஊர்களில் இந்தக் கேள்வியை வெளிப்படையாகவே பேசுகிறார்கள். நம் மக்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோவில், நகரங்களுக்குள் ஓடும் நெடுஞ்சாலைத் துண்டுகளுக்கென்றே மாகாண அரசின் நிதித் திட்டம் இருக்கிறது. 2013-இல் அதை நிறுத்தினார்கள். சிறிய ஊர்கள் விடாமல் கேட்டன. 2016-இல் 2 கோடி டாலருடன் திட்டம் திரும்பி வந்தது. செலவில் 90 சதவீதம் வரை மாகாணம் தருகிறது.

இங்கேயும் அப்படி ஒரு நிதி வேண்டும். ஆனால் பணம் மட்டும் வந்தால் அது ஒப்பந்தக்காரர் பைக்குப் போகும், வாய்க்காலில் இறங்குவது நம் ஆட்களாகவே இருப்பார்கள். ஆகவே அந்தப் பணம் தூர்வாரும் இயந்திரத்துக்கும், பாதுகாப்புக் கருவிக்கும், நிரந்தரப் பணியிடத்துக்கும் என்று எழுதி வாங்க வேண்டும். அதோடு இன்னொன்றையும் கண்காணிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஊர் பொதுவாய்க்கால் செலவை அந்தக் கணக்கில் எழுதிவிட இடம் கொடுக்கக் கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் வழியாக ஓடும் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று என இரண்டு மனு போடுங்கள். ஊர் எல்லைக்குள் அந்த ரோட்டோர வாய்க்கால் யார் பொறுப்பு? கடந்த மூன்று ஆண்டுகளில் அதைத் தூர்வார எவ்வளவு செலவானது? அந்த வேலையைச் செய்தவர்கள் நிரந்தரப் பணியாளர்களா, ஒப்பந்தமா, என்ன கூலி? 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து மன்றக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் வந்ததும் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பத்து ஊர்களின் கணக்கு சேர்ந்தால், அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் சேர்ந்து போவோம்.

ஜெய் பீம்.