குப்பைமேட்டில் அம்மாவைத் தேடுதல்

எங்களில் ஒருத்தியின் மாமி ஸ்காபரோவில் இருக்கிறா. ஒருநாள் போனில் கதைக்கேக்க, "இஞ்ச ஒரு நாய்க்குட்டி துலைஞ்சாலும் போஸ்டர் ஒட்டித் தேடுவினம் பிள்ளை. உங்கட நாடு மாதிரி இல்லை" என்று சொன்னா. மாமியைக் குறை சொல்ல ஏலாது. தன்ர தம்பியை 2009 இலிருந்து தேடுகிறவ அவ. ஆனால் அதே கிழமைதான் நாங்கள் கூடியிருந்து வின்னிபெக் நகரத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். மாமியின் வசனம் எங்களுக்கு இடறியது.

வின்னிபெக், கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகர். 2022 இல் அங்கே முதற்குடிப் பெண்கள் நால்வரை ஒரே ஆள் கொன்றான். அவர்களில் இருவரின் உடல்கள் நகருக்கு வெளியே உள்ள பிரெய்ரி கிரீன் குப்பைமேட்டில் கிடக்கின்றன என்று பொலிஸ் நம்பியது. ஆனாலும் அந்த டிசம்பரில், அங்கே தேடுவது சாத்தியமில்லை என்று கைவிரித்தது. அம்மாவை இழந்த மகள்மார் ஒட்டாவா வரைக்கும் போய்க் கேட்டார்கள்: குப்பைக்குள் கிடப்பது எங்கட அம்மா, ஏன் தோண்டமாட்டீர்கள்?

பிறகு செலவுக் கணக்கு வந்தது. 84 மில்லியன் டொலரிலிருந்து 184 மில்லியன் வரை ஆகலாம் என்றது ஒரு ஆய்வு. குப்பைக்குள் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது, தேடுகிறவர்களுக்கு ஆபத்து என்று சொல்லி 2023 ஜூலையில் மாகாண அரசு மறுத்தது. சனம் இன்னொரு குப்பைமேட்டின் பாதையை மறித்து இருந்தது. அந்த வருடத் தேர்தலில், தேடமாட்டோம் என்பதையே ஆளுங்கட்சி விளம்பரமாகப் போட்டு வாக்குக் கேட்டது. இதை வாசித்தபோது எங்களுக்குள் ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

அந்தக் கட்சி தோற்றது. முதற்குடியைச் சேர்ந்த வாப் கின்யூ முதல்வரானார். 2024 டிசம்பரில் தேடல் தொடங்கியது. மூன்று மாதம் ஆக முதலே எச்சங்கள் கிடைத்தன. 2025 மார்ச்சில் இருவரும் அடையாளம் காணப்பட்டார்கள். சாத்தியமில்லை என்று சொல்லப்பட்டது இதுதான்.

நான்காவது பெண் யாரென்றே நெடுநாள் தெரியாது. மூத்தோர் அவருக்கு எருமைப் பெண் என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார்கள். பெயர் தெரியாத ஒருவரைப் பெயரில்லாமல் விட அவர்களுக்கு மனமில்லை. அவரின் சொந்தப் பெயரும் 2025 மார்ச்சில்தான் தெரியவந்தது.

ஒரு நகரத்துப் பொலிசின் அசட்டை என்று இதைக் கடந்து போக முடியாது. வெள்ளைக்காரன் இலங்கைக்கு வந்தான், தேயிலை நட்டான், 1948 இல் போனான். கனடாவுக்கு வந்தவன் போகவில்லை. அந்த நிலத்தில் முன்பே இருந்த சனம் இருக்கும் வரைக்கும் அது அவனுடைய நாடு என்ற கதை முழுமையாகாது. 1876 இல் இந்தியர் சட்டம் வந்தது. ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் வீடு திரும்பவில்லை. கொல்லப்பட்ட, காணாமல் போன முதற்குடிப் பெண்கள் 1,181 பேர் என்று கனடாவின் மத்திய பொலிசே 2014 இல் எண்ணியது. 2019 இல் தேசிய விசாரணைக்குழு 231 கோரிக்கைகளை முன்வைத்து, நடப்பது இனப்படுகொலை என்று எழுதியது. ஒரு சனம் இல்லாமல் போவதில் நன்மை கண்ட அரசு, அந்தச் சனத்தில் ஒருத்தியைத் தேடுவதற்கு ஏன் அவசரப்படப்போகிறது?

அதனால் தேடுவது குடும்பத்தின் வேலையாகிவிடுகிறது. 2014 இல் வின்னிபெக்கின் ரெட் ஆற்றில் ஒரு 15 வயதுப் பிள்ளையின் உடல் கிடைத்தபிறகு, சனமே வள்ளங்களில் இறங்கிக் கொளுக்கியும் சங்கிலியும் போட்டு ஆற்றின் அடியைத் துழாவத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெர்னடெட் ஸ்மித், காணாமல் போன தன் சகோதரியைத் தேடிக்கொண்டிருந்தவர். பிறகு மனிடோபாவில் அமைச்சரானார்.

இங்கே 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் அம்மாக்கள் இருந்தார்கள். அரசாங்கக் காகிதம் 'காணாமல் போனோர்' என்று எழுதும். அம்மாக்கள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று திருத்துவார்கள். போனவர் தானாகப் போனார்; ஆக்கப்பட்டவரை யாரோ ஆக்கினார்கள். வின்னிபெக் பெண்களுக்கும் இரண்டாவது சொல்தான் பொருந்தும்.

ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லி முடிக்க எங்களுக்கு மனமில்லை. எங்கட மாமாமாரும் மாமிமாரும் உயிர் தப்பிப் போய் வீடு வாங்கியது அந்த நிலத்தில்தான். அகதியாகப் போனவர்கள் அங்கே குடியேறிகளும்தான். யாரிடம் நீதி கேட்டு ரொறன்ரோவில் கொடி பிடிக்கிறோமோ, அதே அரசிடம்தான் அந்த மகள்மாரும் கேட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் எங்கட சனம் எத்தனை பேர் நின்றார்கள் என்ற கேள்வி எங்களை விடுவதாயில்லை.

மாமிக்கு எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தா.

"அந்தப் பிள்ளையளுக்குத் தாயின்ர உடம்பு கிடைச்சதோ?"

"ஓம் மாமி, கிடைச்சது."

கனநேரம் சத்தமில்லை.

"குடுத்து வைச்சதுகள்" என்றா.

எங்களுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.