மீட்டர் ஓடிய நேரம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று சபையாரை வழியனுப்புவது என் வழக்கம். அது 1999 ஜனவரியின் கடைசி ஞாயிறு; இடம் மும்பை, திலக் நகர்.

அன்று ஒரிசாவின் மனோகர்பூரைப் பற்றிப் பிரசங்கித்திருந்தேன். தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸும் மகன்கள் பிலிப், திமோத்தியும் வண்டிக்குள் தூங்கும்போது உயிரோடு கொளுத்தப்பட்டிருந்தனர். கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார் மனைவி கிளாடிஸ். சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் திருப்தி.

கடைசியாக வந்தார் ஒரு பாட்டி. "அந்தம்மா மன்னிச்சிட்டாவ. சரி, நீங்க உங்க தம்பிகிட்ட பேசினியளா ஐயா?"

ஊரில் நிலத் தகராறு. ஆறு வருடமாகப் பேச்சில்லை. திருநெல்வேலியில் தும்மினால் தாராவியில் கேட்கும். திலக் நகர் எம்மாத்திரம்?

அந்த அம்மாள் இழந்தது கணவனையும் பிள்ளைகளையும். நான் இழந்தது ஐந்து தென்னைமரம். மாலையே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். "அண்ணே" என்றான் தம்பி. அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. மீட்டர் மட்டும் ஓடியது.

மன்னித்தாலும் கிளாடிஸ் சட்டத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீதி வழங்குவது அரசின் வேலை. மன்னிப்பது நம் வேலை. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

எங்கள் வழக்கும் மேலும் நான்கு வருடம் நடந்தது. தீர்ப்பு நாளன்று அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனோம். டிக்கெட் அவன்தான் எடுத்தான்.