பழவேற்காட்டுப் பாடு

உழைத்து உண்பவனுக்கு வேலை குறைவதைவிடப் பெரிய துயரம் ஒன்று உண்டு. குறைந்த வேலையைப் பங்கிடும் வேளையில் உடன்பிறந்தவனே பகைவனாகத் தோன்றுவதுதான் அது. நெசவாளர் இல்லங்களில் இதனை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தேசூரில் பட்டுத் தறி நெய்துவரும் நம் அண்ணன் மகனின் வீட்டிலும் அத்துயரம் புகுந்தது. பாவு வரத்து இரு தறிகளுக்குப் போதாமற் போகவே, அவனும் அவன் தம்பியும் ஒரே கூரையின்கீழ் ஓராண்டாகப் பேச்சின்றி வாழ்ந்தனர். தறியை விற்றுவிட்டுச் சென்னையில் காவலாளியாகச் சேர்வதென்று மூத்தவன் முடிவு செய்திருந்தான். அந்நிலையில் அவனை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டிற்குச் சென்றோம். நம் பழைய பங்கு மக்களுள் ஒருவருக்கு உறவினரான முதிய மீனவர் ஒருவர், மீன்பிடிப்பைக் காட்டித் தருவதாக நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரிக்கு அப்பால் உள்ளது பழவேற்காடு. அதன் ஏரி, ஒடிசாவின் சிலிக்காவை அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். ஆரணியாறு அதில் கலக்கிறது என்று சொன்னதும், "நம் ஆரணித் தண்ணீரா, சித்தப்பா?" என்று மகன் வியந்தான். அன்று, இந்த ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து ஊத்துக்கோட்டை வழியாக வருவது. நம் ஆரணியின் கமண்டல நாகநதியோ செய்யாற்றோடு சேர்ந்து பாலாற்றுக்குப் போய்விடுகிறது.

ஆயினும் நெசவாளனுக்கும் பழவேற்காட்டிற்கும் உறவு இல்லாமல் இல்லை. 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது முதன்மையாகத் துணி வாணிகத்தின் பொருட்டே. சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று, வாசனைப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுத்தனர். இன்று கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. அருகில் டச்சுக் கல்லறைகள் மட்டும் செதுக்கிய எழுத்துக்களோடு நிற்கின்றன.

படகில் ஏறலாம் என்று மகன் ஆவலோடிருந்தான். முதியவர் இசையவில்லை. 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இந்த ஏரியில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. "நடந்தே போவோம், சாமி. இந்தத் தண்ணீரில் மீனுக்குப் படகு வேண்டாம்" என்றார். அவர் கூறியது உண்மையே. ஏரியின் பல பகுதிகள் இடுப்பளவு ஆழங்கூட இல்லாதவை. சேற்றில் காலைத் தேய்த்தவாறு நடக்கச் சொன்னார். கெளுத்தியின் முள் தைத்தால் நாள் முழுவதும் கடுக்குமாம். சற்றுத் தொலைவில் சில பெண்கள் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தனர்.

முதியவர் வீச்சு வலையை முழங்கையிலும் தோளிலும் மடித்திட்டு, உடலைத் திருப்பி எறிந்தார். ஈயக் குண்டுகள் வட்டமாக விழுந்தன. ஐந்தாறு மடவையும் இரண்டு கிழங்கானும் அகப்பட்டன. நம் மகன் எறிந்தபோது வலை சுருண்டு விழுந்து, கிளிஞ்சலில் மாட்டிக் கிழிந்தது. முதியவர் சிரித்தார். அவனோ வலையை வாங்கிக் கரையில் அமர்ந்து, அறுந்த பாவு நூலைப் பிணைக்கும் விரல்களால் கண் கண்ணாக முடிச்சிட்டுச் சீராக்கினான். "எந்த ஊர்க் கை இது, தம்பி?" என்று கேட்டு, அவர் அவனருகே அமர்ந்துவிட்டார். அப்பொழுதுதான் பாடு பற்றிய பேச்சு எழுந்தது.

கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களே வளமானவை. எல்லாரும் ஒரே நாளில் அங்கே கழி நட்டு வலை கட்டினால் ஒருவருக்கும் பிழைப்பில்லை. எனவே குப்பங்கள் முறை வைத்து நாட்களைப் பங்கிடுகின்றன. குப்பத்திற்குள் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுக் குலுக்கி இடத்தை ஒதுக்குகின்றனர். இதற்குப் பாடு என்று பெயர்.

"நம் முறையன்று மீன் வராவிட்டால்?" என்று மகன் கேட்டான்.

"வராது. அதற்காக மறுநாள் அடுத்தவன் இடத்தில் வலை கட்ட முடியுமா? அவனுக்கும் அடுப்பு இருக்கிறது. சுற்று திரும்பி வரும்."

"எப்போதும் இப்படி ஒழுங்காக நடக்கிறதா?"

முதியவர் ஒளிக்கவில்லை. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும் காலத்தில் வரத்துக் குன்றுகிறது. அப்போது சச்சரவு மிகுகிறது. பாட்டுரிமை இல்லாத குப்பத்தாருக்கும் மனக்குறை உண்டு. "சண்டை வராத நாளில்லை, சாமி. ஆனால் முறை என்று ஒன்று இருப்பதால், சண்டைக்குப் பிறகும் சேர்ந்து உட்கார முடிகிறது" என்றார்.

பாடு என்னும் சொல் உழைப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். அதுவே இங்கே பங்கையும் குறிக்கக் கண்டோம். துன்பத்தைப் பங்கிட அறியாதவர் பயனையும் பங்கிட அறியார். அன்பு மட்டும் போதும் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பசி வந்த வீட்டில் அன்புக்கு ஒரு முறையும் வேண்டியிருக்கிறது. யாருக்கு எந்நாள் என்று முன்னதாகவே பேசி வைத்தால், அண்ணனுக்குக் கிடைத்ததைத் தம்பி களவு என்று எண்ண மாட்டான்.

திரும்பும் வழியில் மகன் அதிகம் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். வரும் பாவு ஒரு முறை தம்பி தறிக்கு, மறுமுறை தன் தறிக்கு என்று தம்பி மனைவி வழியாகச் சொல்லியனுப்பினானாம், தம்பியும் மறுக்கவில்லையாம். முதற்பாவு தம்பி தறியில் ஏறியிருக்கிறது. சகோதரர் இருவரும் இன்னும் முகங்கொடுத்துப் பேசவில்லை. வேலையும் பெருகிவிடவில்லை. ஆயினும் தறியை விற்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறான்.

கிணற்று நீருக்கும், பொதுச் சுவருக்கும், முதிய பெற்றோரைப் பேணும் மாதங்களுக்கும் நம் குடும்பங்களில் இத்தகைய முறை உண்டா? இல்லையெனில், மனக்கசப்பு வருமுன் ஒரு மாலைப்பொழுது கூடி அமர்ந்து பேசி வைப்பது நன்று.