காங்காவில் எழுதியிருப்பது

என் கணவர் அலுவலக வேலையாகச் சிங்கப்பூர் போய்வந்தால் விமான நிலையக் கடையில் இரண்டு பெரிய சாக்லேட் பைகள் வாங்கி வருவார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் வேலை முடிந்தது. "அவ்வளவு வேலைக்கு நடுவுலயும் ஞாபகமா வாங்கியிருக்கான் பாரு" என்ற பாராட்டு வேறு. போன டிசம்பரில் நான் பத்து நாள் தான்சானியா கிளம்பியபோது என் கைப்பையில் 27 பேர் அடங்கிய ஒரு பட்டியல் இருந்தது. அதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. விசாவுக்கு விண்ணப்பித்த அன்று இரவே நானே உட்கார்ந்து எழுதியது.

கருத்தரங்கு என்றால் எங்கள் வீட்டில் கேள்வி கிடையாது. கட்டுரை வாசிக்கப் போகிறாள், சான்றிதழ் வரும், பதவி உயர்வுக்கு உதவும். இது அப்படியில்லை. என்னோடு ஆய்வு செய்த தோழி தாருஸ்ஸலாமில் இருக்கிறாள். பல வருடங்களாகக் கூப்பிடுகிறாள். நான் சும்மாதான் போனேன். அந்தச் 'சும்மா'வைத்தான் யாராலும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "சும்மாவா அண்ணி? தனியாவா? ஆப்பிரிக்காவுக்கா?" என்றாள் நாத்தனார். (ஆப்பிரிக்கா என்பது ஒரு ஊர். அங்கே 50க்கு மேற்பட்ட நாடுகள் இருப்பதைச் சொல்லிப் பயனில்லை.) அத்தை மட்டும், "பொங்கலுக்குள்ள வந்துருவேல்ல?" என்று கேட்டுவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். பட்டியல் என்பது அந்தச் 'சும்மா'வுக்கு நானே முன்கூட்டிக் கட்டிய அபராதம். 27 பேருக்கும் பொங்கலுக்கு ஏதாவது கையில் கொடுத்துவிட்டால் நான் போய்வந்தது மன்னிக்கப்பட்டுவிடும்.

பட்டியலில் வரிசை இருந்தது. முதலில் அத்தை, பிறகு என் அம்மா, நாத்தனார்கள், துறைத்தலைவர், சக ஆசிரியைகள், இரண்டு மாணவிகள். கடைசியாக 27ஆவது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. அவர் பெயருக்கு எதிரே 'மரக் கீசெயின்' என்று எழுதியிருந்தேன். நான் இல்லாத பத்து நாளும் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து அத்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான்.

தாருஸ்ஸலாமின் ம்வெங்கே சந்தையில் மரச்சிற்பிகள் கடைக்கு முன்னாலேயே உட்கார்ந்து செதுக்குகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி, யானை, முகமூடி. கருங்காலி என்று சொல்லி விற்பதில் சில, சாதாரண மரத்துக்கு ஷூ பாலிஷ் தேய்த்துக் கறுப்பாக்கியவை என்றாள் தோழி. அங்கேதான் கீசெயின் வாங்கினேன். ஒன்றல்ல, பத்து. 'சின்ன ஆட்களுக்கு' என்று மனதுக்குள் ஒரு பெட்டி வைத்திருந்தேன் போல. துறைத்தலைவருக்கு ஒரு டிங்காடிங்கா ஓவியம். 1968 வாக்கில் எட்வர்ட் சாயிதி டிங்காடிங்கா என்பவர் மலிவான அட்டையில் எனாமல் பெயின்ட்டால் வரையத் தொடங்கிய பாணி அது. 1972இல் போலீஸ் ஆள்மாறாட்டமாகச் சுட்டதில் அவர் இறந்துபோனார். அவர் பாணியில் இன்றும் பலர் வரைகிறார்கள். மஞ்சள் பின்னணியில் கினிக்கோழிகள். பெட்டியில் மடங்காமல் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

படகில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம், சான்சிபார். பட்டியலை மறந்து நின்ற இடம் அங்கே தராஜானி சந்தையை ஒட்டிய துணிக்கடைச் சந்து. கடை வாசலெல்லாம் காங்கா தொங்கியது. சுற்றிலும் அகலக் கரை, நடுவில் பெரிய பூவோ முந்திரிப்பழமோ. கீழ்ப்பக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் ஒரு வரி எழுத்து. சுவாஹிலியில் கரைக்கு பிண்டோ, நடுப்பகுதிக்கு ம்ஜி, அதாவது ஊர். அந்த ஒரு வரிக்கு ஜினா. ஜினா என்றால் பெயர். துணிக்குப் பெயர் இருக்கிறது! கவிதை எழுதுகிறவள் அங்கிருந்து எப்படி நகர்வாள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கடற்கரைப் பெண்கள், வெட்டாமல் நீளமாக வரும் அச்சுக் கைக்குட்டைத் துணியை வாங்கி, மூன்று மூன்றாக வெட்டி ஒட்டுப்போட்டு ஆறு கைக்குட்டையில் ஒரு துணி செய்தார்கள் என்பது காங்காவின் பிறப்புக் கதை. கைக்குட்டைக்கான போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த 'லேஸோ' என்ற பெயரும் அதற்கு உண்டு. காங்கா என்றால் கினிக்கோழி. முதலில் வந்த துணிகளில் வெள்ளைப் புள்ளிகள் இருந்ததால் அந்தப் பெயராம். பிறகு அதில் வாசகம் ஏறியது, முதலில் அரபு எழுத்தில், பின்னால் ரோமன் எழுத்தில். மொம்பாசாவில் கடை வைத்திருந்த காதர்தினா ஹாஜி எஸ்ஸாக் என்ற வணிகர்தான் அதைத் தொடங்கினார் என்று சொல்வார்கள்.

ஆனால் அதைக் கட்டியவர்களின் கதைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல் மூடப்பட்டது. அடிமைமுறையைச் சட்டப்படி ஒழிக்க 1897 வரை ஆனது. அதுவரை அடிமைகளுக்கு உடை, அமெரிக்காவிலிருந்து வந்த 'மெரிக்கானி' என்ற வெளுக்காத முரட்டுத் துணி. பெண்கள் அதை அவுரியில் தோய்த்துக் கருநீலமாக்கிக் கட்டினார்கள். அதுவே ஓர் எதிர்ப்பு என்று தோன்றுகிறது. விடுதலை கிடைத்ததும் அவர்கள் காசு சேர்த்து வாங்கியது வண்ணக் காங்கா. புதுக் காங்கா கட்டினால் நான் யாருடைய சொத்தும் இல்லை என்று அர்த்தம்.

அந்த ஒரு வரியின் பயன் இன்னும் சுவையானது. நேரில் சொல்ல முடியாததைப் பெண்கள் துணியால் சொல்வார்கள். சக்களத்திக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, வேறொருத்தி வீட்டுக்குப் போய்வரும் கணவனுக்கு. 'ஹாஸிதி ஹானா ஸபாபு': பொறாமைக்காரிக்குக் காரணம் தேவையில்லை. அதைக் கட்டிக்கொண்டு அவள் வாசல் வழியாக நடந்தால் போதும். சண்டைக்கு வந்தால், நான் ஒன்றும் சொல்லவில்லையே, துணிதானே என்று போய்விடலாம். எங்கள் பாட்டி ஆட்டுக்குட்டியைத் திட்டுகிற சாக்கில் மருமகளைத் திட்டுவாள். மருமகள் சட்டியை நங்கென்று வைத்துப் பதில் சொல்வாள். ஜாடை பேசுவதைப் பெண்களின் கெட்ட குணம் என்று கதைகளில் எழுதிவைத்திருக்கிறோம். நேராகப் பேச இடம் கொடுத்தால் யார் ஜாடை பேசப்போகிறார்கள்?

கடைக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். எல்லாக் கடையிலும் என்ன நிறம், என்ன விலைக்குள் என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்டதைத் தோழி தமிழில் சொன்னாள்: "யாருக்குன்னு கேக்குறாங்க. அவங்ககிட்ட நீ என்ன சொல்லணும்னும் கேக்குறாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருடமாக அத்தைக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலை எடுக்கிறேன். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. "கணவரோட அம்மா. மாமா இல்ல, இறந்துட்டாரு. அதனால வெளிர் நிறமா, சிவப்பு இல்லாம" என்றேன். தோழி மொழிபெயர்த்ததும் கடைக்காரம்மா நெற்றியைச் சுருக்கினார். எப்போது இறந்தார் என்று கேட்டார். ஒன்பது வருடம் என்றோம். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "நாலு மாசம் பத்து நாள் எப்பவோ முடிஞ்சிருக்குமே?"

இத்தா காலத்தைச் சொல்கிறார் என்றாள் தோழி. அது முடிந்துவிட்டால் நிறத்துக்கு என்ன தடை என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. நான் சிரித்து மழுப்பினேன். சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தேன். 'வேமா ஹாவோஸி', செய்த நல்லது அழுகிப்போகாது. யாருக்கும் உறுத்தாத வாசகம், யாருக்கும் உறுத்தாத நிறம். வருடாவருடம் முதுகலை வகுப்பில் புறநானூற்றுப் பெருங்கோப்பெண்டு பாட்டு நடத்துகிறேன். நெய்யில்லாச் சோற்றையும் பாயில்லாப் படுக்கையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டிக் கைம்மை நோன்பைக் கிழிகிழியென்று கிழிக்கிறவள் நான்.

அம்மாவுக்கு 'நானி காமா மாமா': அம்மாவைப் போல யார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. எனக்கென்று ஒரு சிவப்பு, கறுப்புக் கரை போட்டது. அதில் இருந்த வரியை அந்தம்மாவே இழுத்து இழுத்துப் படித்துக் காட்டினார். சிங்கத்தின் பல்லுக்குப் பயப்படுவேன், மனுசர் வாய்ப்பேச்சுக்குப் பயப்பட மாட்டேன். சிங்கம் அங்கே 'ஸிம்பா'. சிம்மத்தோடு உடனே முடிச்சுப்போடத் துடிக்கும் தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும், வேர் வேறு. ஒரு ஜோடி 12,000 ஷில்லிங், நம் கணக்கில் நானூறு ரூபாய் வரும். விடுதியில் விரித்துப் பார்த்தேன். விளிம்பில் பொடி எழுத்தில் 'மேட் இன் இந்தியா'. முதலில் ஏமாந்த மாதிரி இருந்தது. பிறகு யோசித்தேன். நைஜீரியாவில் கலாபாரிப் பெண்கள் நம் மெட்ராஸ் கட்டத் துணியிலிருந்து இழைகளை வெட்டி உருவி வேறொரு கோலம் உண்டாக்கி, அதைத் தங்கள் துணி என்பார்கள். எங்கே அச்சடித்தால் என்ன, அதில் என்ன எழுத வேண்டும் என்பதும் எதற்காகக் கட்டுவது என்பதும் இவர்களுடையது.

மணிமாலைகள் வாங்கவில்லை. மசாய் மக்களிடம் மணி கோப்பது பெண்கள் வேலை. சான்சிபார் கடற்கரையில் அதை என்னிடம் நீட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள். கோத்தவளுக்கு எவ்வளவு போகும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒருவேளை அந்த இளைஞர்களும் வீட்டுக்குத்தான் காசு அனுப்புகிறார்களோ என்னவோ. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பாஜே கிராமத்தில் நீர் வற்றும் நேரத்துக்குப் போனோம். கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்க, முழங்கால் தண்ணீரில் குச்சி நட்டுக் கயிறு கட்டி, கயிற்றில் பாசி கட்டியிருந்தார்கள். 1989 வாக்கில் இங்கே தொடங்கிய தொழில். செய்வது பெரும்பாலும் பெண்கள். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் காராஜீனன் இந்தப் பாசியிலிருந்து வருகிறது. பெண் கையில் அவள் பெயருக்கு வந்த முதல் காசு இதுதான் என்றார் அங்கே ஒருவர். இப்போது தண்ணீர் சூடாகிவிட்டதால் நல்ல விலை போகும் ரகம் கரையோரம் வளர்வதில்லை. ஆழத்துக்குப் போகலாம், ஆனால் பலருக்கு நீச்சல் தெரியாது. சிலர் பாசியைக் காயவைத்து அரைத்துச் சோப்பு செய்து விற்கிறார்கள். ஆறு கட்டி வாங்கினேன்.

அதில் ஒன்றை, பாம்பன் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் என் மாணவிக்குக் கொடுத்தேன். அவள் அம்மாவும் பாசி எடுக்கப் போகிறவர், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு விரல்களில் துணி சுற்றிக்கொண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து அங்கே போய்வருவதும் அவர்களுக்குச் சிக்கல். சோப்பை முகர்ந்து பார்த்து அவள் உருகுவாள் என்று கவிஞர் மனசு எதிர்பார்த்தது. அவள் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "மேடம், இது அங்க எவ்வளவு? எங்கம்மாக்கு ஒரு கிலோ காஞ்ச பாசிக்கே இவ்வளவு கிடைக்காது. செய்முறை கேட்டீங்களா?" கேட்கவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பினேன். என் மகள் ஒவ்வொரு காங்காவாக எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நானி காமா மாமா."

"மாமா பேரு எதுக்குடி போட்டிருக்கு?" என்றார் அத்தை.

அங்கே மாமா என்றால் அம்மா என்று சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். சாம்பல் நிறத்தை அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். கண் அந்தப் பக்கம் கிடந்த சிவப்பில் இருந்தது. "அது யாருக்கு?"

"எனக்கு அத்தை."

"என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "சிங்கத்த நான் எங்க பாத்தேன்? வாய்ப்பேச்சுதான் பாத்திருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "பதினாறாம் நாளு, பொறந்த வீட்டுச் சேலைய எடுத்து வச்சாங்கள்ல. அதுல பச்சைக் கரை இருந்துச்சு. இது எதுக்கு இனிமேன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்கண்ணன் மதுரைல கடை கடையா ஏறி எடுத்த சேலை."

அன்று நானும் அதே கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சேலையை எடுத்துப்போன கைகளையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கி நாலு வருடம் ஆகியிருந்தது.

கடைக்காரம்மா விரல் மடக்கிய கதையைச் சொன்னேன். "நாலு மாசம் பத்து நாளா?" என்று அத்தையும் விரலை மடக்கினார். "கணக்கு நல்லாத்தான் இருக்கு."

காங்கா ஜோடியாகத்தான் வரும். வாங்கியவர் நடுவில் வெட்டி ஓரம் அடித்துக்கொள்ள வேண்டும். மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் உள்ளறையில் பழைய உஷா மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிவப்பு ஜோடியை வெட்டி, ஒன்றுக்கு ஓரம் அடித்து மடித்து வைத்திருந்தார், இன்னொன்று ஊசிக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்யும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துணி இழுபடாமல் பிடித்திருந்தார்.

"ஒனக்கு அந்தச் சாம்பக் கலர் இருக்குல்ல, அத வச்சுக்க" என்றார் அத்தை தலை நிமிராமல். "இதுல ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவளுக்கு. இவ வீட்டுக்காரன் போயும் மூணு வருசம் ஆச்சு, தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. கீசெயின் அந்த அக்காவின் பைக்கு மேல் கிடந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

மறுநாள் காலையில் பால்காரர் மணியடித்தபோது அத்தை அதைத் தோளில் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போனார். எதிர்வீட்டம்மா கோலத்துக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அத்தை பாலை வாங்கி, காசைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

சாம்பல் நிறக் காங்கா என் அலமாரியில் இருக்கிறது. இன்னும் வெட்டவில்லை.