இழுப்பறையில் கிடக்கும் கையெழுத்துகள்

அண்மையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள். ஒவ்வொன்றின் மீதும் ஸ்டிக்கர்; அதில் டைரக்டர் பெயர், அதற்குக் கீழே பின் நம்பர். "கிளையன்ட்டுக்கு ஒரு தொல்லையும் இல்ல சார், எல்லாம் நாங்களே போட்டுருவோம்" என்றார் பெருமையாக. டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் (டிஎஸ்சி) எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்ற எனக்கு வயிறு எரிந்தது.

இந்தத் தொழிலில் எங்கள் உயிரை வாங்கியது பெயர்ப் பொருத்தம். ஊரெல்லாம் ஒருவரை எம்.செல்வராஜ் என்றுதான் அறியும். பான் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டவர் செல்வராஜ் முத்துசாமி ஆவார். முதல் கட்டத்தில் போட்டவர் முத்துசாமி செல்வராஜ். ஆதாரில் எம் செல்வராஜ் என்றே நிற்கும். பெண்கள் பாடு இன்னும் கஷ்டம்: பானில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் இனிஷியல். சான்றிதழுக்குள் பான் எண்ணின் ஹாஷ் இருக்கிறது. அது சரியாக இருந்தும் பெயர் முன்பின் ஆனால் வருமான வரி போர்ட்டல் திருப்பிவிடும். செப்டம்பர் 30 ஆடிட் ரிப்போர்ட் கெடு நெருங்கும்போதுதான் அது தெரியவரும். ஒவ்வொரு ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, ஆளிடமே கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை அனுப்புவோம். இந்த ஆள்தான் அந்த ஆள் என்று உறுதி செய்வதுதான் எங்கள் வேலையே.

இன்று அந்தப் பொறுமை போய்விட்டது. விண்ணப்பத்தில் ஏஜென்ட்டின் மொபைல் நம்பர், ஏஜென்ட்டின் மின்னஞ்சல். ஓடிபி அவருக்கே வரும். வீடியோ சரிபார்ப்பில் "ஆமான்னு சொல்லுங்க போதும்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 2021 ஜனவரியிலிருந்து கிளாஸ் 2 சான்றிதழை நிறுத்தி, கிளாஸ் 3 மட்டும் என்று, சான்றளிக்கும் நிறுவனங்களைக் கண்காணிக்கும் கன்ட்ரோலர் அலுவலகம் கடுமையாக்கியது. வாசலில் பூட்டைப் பெரிதாக்கிவிட்டு, சாவியைத் திண்ணையில் வைத்த கதையாகிவிட்டது.

சான்றிதழ் வழங்குவதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014-இல் நாடே பார்த்தது. தேசியத் தகவல் மையத்தின் (என்ஐசி) சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருந்தன. கூகுளே அதைக் கண்டுபிடித்துச் சொன்னது. அதன் பிறகு அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை கன்ட்ரோலர் ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

சட்டத்தில் குறை இல்லை. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, கையெழுத்துக்கான தனிச் சாவியைத் தன் வசம் காக்கும் பொறுப்பைச் சான்றிதழ் வாங்கியவர் மீதே வைக்கிறது. சாவி கைமாறியதைச் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அவர் தெரிவிக்கும் வரை, நடந்ததற்கெல்லாம் அவரே பொறுப்பு. இதை எந்த டைரக்டருக்கும் எந்த ஏஜென்ட்டும் இப்போது சொல்வதில்லை. பத்திரம் கேட்டால் பத்துத் தடவை படித்துப் பார்க்கிறவர்கள், டோக்கனைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள்.

டோக்கன் உடையவரிடமே இருக்க வேண்டும். பின் நம்பரை அவரே அடிக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்கிறவர் டைரக்டராக இருக்க வேண்டாம். இழுப்பறைக்காரர்களும் அதே சட்டத்தின் 66சி பிரிவை ஒருமுறை படிக்கட்டும்: அடுத்தவர் மின்கையெழுத்தை நேர்மையற்ற முறையில் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.